அம்மாவின் கண் உயரத்தில்

குளியலறைக் கதவில் ஒட்டியிருந்த சீட்டைப் பெரியவள் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தபோது, கீழே தெருவில் வண்டியொன்று வந்து நிற்கும் ஓசை கேட்டது. கையை எடுத்துவிட்டுச் சற்றுச் செவிகொடுத்தாள். காய்கறி விற்பவரின் குரல் எழுந்தது. அப்பாவைக் கொண்டுவரும் வண்டி அதுவல்ல. அவள் மீண்டும் சுரண்டத் தொடங்கினாள்.

"இது குளியலறை. உள்ளே போனதும் விளக்கைப் போடு" என்று சீட்டில் எழுதியிருந்தது. நீல மையில், ஒன்றோடொன்று உரசாத எழுத்துகள். அப்பா தம் பணிக்காலம் முழுவதும் ஒரு மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுப்பவராக இருந்தார். மாத்திரை உறைகளின் மேல் எழுதி எழுதிப் பழகிய கை. படிக்கத் தெரியாதவர்கள் வந்தால் காலைக்கு ஒரு சூரியனும் இரவுக்கு ஒரு பிறையும் வரைந்து கொடுப்பார். ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கை சும்மா இருக்கவில்லை போலும் என்று பெரியவள் எண்ணிக்கொண்டாள். ஏனெனில் வீடெங்கும் சீட்டுகள் இருந்தன. மருந்து அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, உட்புறத்து வெள்ளைப் பகுதியை ஒரே சீராக வெட்டி எழுதியவை. அடுப்புக்கு மேலே, "பால் வைத்தால் பக்கத்திலேயே நில்." நிலைக்கண்ணாடியில், "தலை வாரியாயிற்றா?" துணி அலமாரியில், "மேல்தட்டு: வெளியே போகும் உடை. கீழ்த்தட்டு: உள்ளாடை."

துக்கம் விசாரிக்க வருபவர்கள் இதையெல்லாம் பார்க்க நேர்ந்தால் அப்பாவைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதே அப்போது அவளுடைய கவலையாக இருந்தது. அவர் ஒழுங்கானவர், சிறிது பிடிவாதக்காரர். முதுமையில் அந்த ஒழுங்கு இப்படி அளவு மீறியிருக்க வேண்டாம்.

முன்னறையில் நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிக்கொண்டிருந்த தம்பி எட்டிப் பார்த்தான். வீட்டில் இவளைப் பெரியவள் என்றும் அவனைச் சின்னவன் என்றும்தான் அழைப்பார்கள்.

"அக்கா, ஃபிரிட்ஜ் மேல இருந்தத நான் பிச்சுட்டேன். எங்க போட?"

"எறிஞ்சுடாதடா. அப்பா எழுத்து. இந்தச் செருப்புப் பெட்டியில போடு."

"மூடி வைன்னு எழுதியிருக்கார். ஃபிரிட்ஜ மூடி வைக்கணும்னு யாருக்குத் தெரியாது?"

"அப்பாவப் பத்தித்தான் தெரியுமே. நீ நாற்காலியப் பாரு."

ஒவ்வொரு சீட்டையும் எடுக்க அவள் குனிய வேண்டியிருந்தது. முதுகில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதிலிருந்து குனிவது அவளுக்கு ஆகாது. நெடுந்தொலைவுப் பயணமும் கூடாதென்று மருத்துவர் தடுத்திருந்ததால், பெற்றோரை நேரில் கண்டும் வெகு காலமாகிவிட்டது. வெளியூர் வேலையில் இருந்த தம்பியும் நெடுநாளாக வந்து போகவில்லை. அப்பா அவளைவிட உயரமானவராயிற்றே, எதற்காக இவ்வளவு தாழ்வாக ஒட்டியிருக்கிறார் என்று ஒரு கணம் தோன்றியது. அந்தக் கேள்வியைத் தொடர அவளுக்கு அப்போது நேரம் வாய்க்கவில்லை.

கடைசியாக எஞ்சியது வாசற்கதவின் உட்புறத்தில் இருந்த அட்டை. அது ஒட்டப்பட்டதன்று. மேலே துளையிட்டு, கதவில் அடித்திருந்த சிறிய ஆணியில் மாட்டியிருந்தது. பலமுறை கை பட்டு ஓரங்கள் துணிபோல் மென்மையாகியிருந்தன. "வெளியே போயிருக்கிறேன். வந்துவிடுவேன். கதவைத் திறக்க வேண்டாம். பயப்படாதே."

அன்று அதிகாலையில் நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறதென்று தாமாகவே தெருமுனை மருத்துவமனைக்கு நடந்து போன அப்பா, அங்கே பெஞ்சில் அமர்ந்தபடியே தலை சாய்த்துவிட்டார். சட்டைப்பையில் இருந்த சீட்டைப் பார்த்துத்தான் மருத்துவமனையினர் செய்தி சொல்லியிருக்கிறார்கள். "என் மனைவி வீட்டில் தனியாக இருக்கிறாள். அருள்கூர்ந்து கீழ்த்தளத்துத் தையற்கடையில் சொல்லவும்." அதையும் அப்பாவின் வழக்கமான எச்சரிக்கை என்றே பெரியவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

அவள் அந்த அட்டையையும் ஆணியிலிருந்து கழற்றிப் பெட்டியில் வைத்தாள்.

அம்மா கீழ்த்தளத்தில், தையற்காரப் பெண்மணியின் வீட்டில் இருந்தார். செய்தி கேட்டதும் மருத்துவரின் தடையை மீறி விமானமேறிய பெரியவள், வந்து இறங்கியவுடன் அங்கேதான் போய் அவரைக் கட்டிக்கொண்டு அழுதாள். "வந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு அம்மா அவள் கன்னத்தைத் தடவிக் கொடுத்தார். அதிர்ச்சியில் பேச்சு வரவில்லை என்று அவள் நினைத்தாள்.

வண்டி வந்தது. உடன் வந்திறங்கிய சித்தப்பா, தம் அண்ணனின் கால்பக்கத்தைத் தாமே பிடித்துக்கொண்டு மூச்சுவாங்க மாடியேறினார். முன்னறைக் கட்டிலில் அப்பாவைக் கிடத்தினார்கள். தையற்காரப் பெண்மணி, கழுத்தில் தொங்கிய அளவுநாடாவைக் கூடக் கழற்ற மறந்தவராக, அம்மாவைக் கைப்பிடித்து அழைத்துவந்து அருகில் அமர்த்தினார்.

அம்மா அப்பாவின் கையைத் தம் இரு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"கை ஜில்லுனு இருக்கே. யாராவது போர்வை எடுத்துட்டு வாங்களேன்."

தையற்காரப் பெண்மணி குனிந்து அம்மாவின் காதில் ஏதோ சொன்னார். அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவின் தொண்டையிலிருந்து எழுந்த ஒலியைக் கேட்டுச் சின்னவன் தெருப்பக்க மாடத்துக்குப் போய்விட்டான்.

அக்கம்பக்கத்தார் வந்து அமர்ந்தார்கள். மருந்துக்கடை முதலாளியும் வந்தார். துக்க வீட்டு நாற்காலியில் எப்படி அமர்வதென்று தெரியாதவர்போல் நுனியிலேயே இருந்தார்.

"அவர் கையெழுத்தப் பார்த்தாலே பாதி காய்ச்சல் இறங்கிடும்னு சொல்வாங்க, சார்" என்றார் அவர் சித்தப்பாவிடம். "டாக்டர் எழுதினத எங்க கடையில அவர் ஒருத்தர்தான் படிப்பார். டாக்டரே ஒரு தடவ வந்து, நான் என்ன எழுதியிருக்கேன்னு கேட்டுட்டுப் போனார்."

சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "எங்கண்ணன் தன் கல்யாணத்தன்னிக்கே என் சட்டைப் பையில சீட்டு வச்ச ஆளுங்க. 'சாப்பிட்டுவிட்டு ஆடு. ஆடிவிட்டுச் சாப்பிடாதே.' இப்ப போன இடத்துல எல்லாருக்கும் லேபிள் ஒட்டிக்கிட்டிருப்பார்."

மெல்லிய சிரிப்பொன்று அறையைச் சுற்றி வந்து அடங்கியது. அந்த வேளையில்தான் அம்மா எழுந்தார்.

நடைவழியில் வரிசையாக ஒரே நிறத்தில் கதவுகள் இருந்தன. அம்மா முதற்கதவின் முன் நின்றார். பின்னர் அடுத்ததன் முன் நின்றார். அங்கே பசையின் தடம் மட்டும் செவ்வகமாக மங்கித் தெரிந்த இடத்தை உள்ளங்கையால் தடவினார். திரும்பி வந்து சமையலறைக் கதவைத் திறந்தார், மூடினார். சாமான் வைக்கும் அறையைத் திறந்து, உள்ளே இருந்த வாளியையும் துடைப்பத்தையும் பார்த்தபடி நின்றார். முன்னறையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, மரியாதையின் பொருட்டு வேறு திசைகளில் பார்த்தார்கள்.

பெரியவள் விரைந்து போனாள். "என்னம்மா வேணும்?"

"ஒண்ணுமில்ல. இங்க இருந்துதே."

"என்ன இருந்துது?"

"இங்கதான்." அம்மாவின் விரல்கள் மறுபடியும் அந்தத் தடத்தைத் தேடின. குரல் தாழ்ந்தது. "நேத்துக்கூட இருந்துது. யாரும் திட்டாதீங்க."

அம்மாவின் உடை நனைந்திருப்பதை அப்போதுதான் பெரியவள் கண்டாள்.

பின்னால் வந்த தையற்காரப் பெண்மணி கதவையும் சுவரையும் பார்த்தார். "சீட்டெல்லாம் எங்க போச்சும்மா?"

"நான்தான் எடுத்தேன். வர்றவங்க பார்ப்பாங்களேன்னு."

அவர் பெரியவளின் முகத்தைப் பார்த்தார். "சரி, வாங்க. மொதல்ல அம்மாவக் கவனிப்போம்" என்று மட்டும் சொல்லி, குளியலறைக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார்.

உள்ளறையில் அம்மாவுக்கு உடை மாற்றும்போது அவர் தாழ்ந்த குரலில் பேசினார். கைகள் பொத்தான்களைப் போட்டுக்கொண்டிருந்தன.

"அதெல்லாம் அம்மாவுக்காக எழுதினதும்மா. ஒரு வருஷத்துக்கும் மேல ஆச்சு. சீட்டு இருந்தா அம்மா எல்லாம் தானே பண்ணிக்குவாங்க. யாரும் கூட நிக்க வேண்டாம், யார்கிட்டயும் கேக்க வேண்டாம். அதான் சாரோட கணக்கு."

"எங்கிட்ட கொஞ்சம் மறதின்னுதான் சொன்னார்."

"மறதிதான். கொஞ்சமில்ல." அவர் பொத்தானை இழுத்துச் சரிபார்த்தார். "சார் ஸ்டூல் போட்டு உக்காந்துதான் ஒட்டுவார். ஏன் சார், நின்னுக்கிட்டு ஒட்டக்கூடாதான்னு ஒரு நாள் கேட்டேன். 'நின்னு ஒட்டினா எனக்குத்தான் தெரியும்மா, அவளுக்குத் தெரியாது'ன்னார்."

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் தலை அவள் தோளுக்குக் கீழே இருந்தது. எப்போதும் அங்கேதான் இருந்தது.

செருப்புப் பெட்டி கட்டிலின் மேல் கிடந்தது. அவள் மூடியைத் திறந்து சீட்டுகளைக் கிளறினாள். தொலைபேசிக்கு மேலிருந்ததை முன்பு படிக்காமலே உரித்துப் போட்டிருந்தாள். இப்போது படித்தாள்.

"ஞாயிறு பெரியவள் பேசுவாள். முதலில் முதுகு வலி எப்படி இருக்கிறது என்று கேள். பேத்தி எந்த வகுப்பு என்று கேட்காதே. கல்லூரிக்குப் போய்விட்டாள்."

ஒவ்வொரு ஞாயிறும் அம்மாவின் முதற்கேள்வி அதுவாகத்தான் இருந்தது. "முதுகு எப்படி இருக்கு?" கணவரிடம் அவள் பெருமையோடு சொல்லியிருக்கிறாள், எல்லாத்தையும் மறந்தாலும் என் முதுக எங்கம்மா மறக்கலைங்க என்று. அவள் அந்தச் சீட்டை மற்றவற்றுக்கு அடியில் வைத்துப் பெட்டியை மூடினாள்.

புதிய உடையில் அம்மா தெளிவாகத் தெரிந்தார். நடைவழிக்கு வந்து, எதிரே நின்ற சின்னவனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"சின்னவனே, எப்ப வந்த? உங்கப்பா எங்கடா? சாப்டாரா?"

சின்னவன் அக்காவைப் பார்த்தான். பிறகு அம்மாவின் தோளைப் பற்றி மெதுவாகச் சொன்னான். "அம்மா, அப்பா இறந்துட்டார்மா. காலைலயே."

அம்மா முன்னறைக்கு ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும். அந்த வயதில் அவர் அப்படி ஓடி ஒருவரும் பார்த்ததில்லை. சற்று முன் எழுந்த அதே ஒலி, சிறிதும் தேயாமல், முதன்முறை எழுவதுபோலவே எழுந்தது. "கை ஜில்லுனு இருக்கே" என்ற அதே சொற்களும் வந்தன. வந்திருந்தவர்களுள் ஒரு பெண்மணி முகத்தை மூடிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

சித்தப்பா சின்னவனை மாடத்துக்கு இழுத்துப் போனார். பெரியவளும் பின்தொடர்ந்தாள்.

"ஏண்டா, கேக்குறப்பல்லாம் சொல்லி ஒவ்வொரு தடவையும் எங்கண்ணனச் சாகடிக்கணுமா? கடைக்குப் போயிருக்கார்னு சொல்லிட்டுப் போயேன்."

"பொய் சொல்லச் சொல்றீங்களா, சித்தப்பா? அவங்க எங்கம்மா. புருஷன் செத்தது அவங்களுக்குத் தெரியவே கூடாதா?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறாங்க? அரை மணியில மறந்துடும். அழுத களைப்பு மட்டும்தான் மிஞ்சும்."

சின்னவன் மாடக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். பிறகு சொன்னான். "நாளைக்கே எங்கூட கூட்டிட்டுப் போயிடறேன்."

"உன் வீட்டுல எந்தக் கதவு எதுன்னு அவங்களுக்குத் தெரியாதே" என்றாள் பெரியவள்.

"இங்க மட்டும் தெரியுதாக்கா?"

அவனுடைய சொல்லில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை.

பிற்பகலில் அப்பாவை எடுத்தார்கள். கடைசிக் கணம்வரை அம்மா அவர் கையை விடவில்லை. சித்தப்பா மண்டியிட்டு, "அண்ணி, கொஞ்சம் குடுங்க" என்று, கடன் கேட்பவர்போல் கெஞ்சி, ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அண்ணி என்ற சொல்லுக்கு அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். "பாத்து எடுத்துட்டுப் போங்க. படி வழுக்கும்" என்றார்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது வெயில் தணிந்திருந்தது. வந்தவர்கள் விடைபெற்றுக்கொண்டார்கள். சித்தப்பா ஒரு நாற்காலியில் அமர்ந்தபடியே உறங்கிப் போனார். களைத்துப் படுத்திருந்த அம்மா எழுந்து வந்தார். கட்டில் இருந்த இடம் வெறுமையாய் இருந்ததை அவர் கவனிக்கவில்லை. நேராக வாசற்கதவுக்குப் போய், ஆணியைப் பார்த்தார்.

ஆணியில் ஒன்றும் இல்லை. பக்கத்துச் சுவரில் சாவி தொங்கும் கொக்கியைப் பார்த்தார். அங்கே சாவி மட்டும் இருந்தது.

"பெரியவளே, உங்கப்பா வீட்டுல இல்லையா?"

பெரியவள் வாய் திறப்பதற்குள் அம்மாவே தொடர்ந்தார். "வெளிய போனா இங்க மாட்டிட்டுப் போவார். வந்ததும் நான் எடுத்து அங்க மாட்டணும். அது என் வேலை." அவருடைய கை ஆணிக்கும் கொக்கிக்கும் இடையே போய்வந்தது. "எழுதி வைக்காம போகமாட்டாரே. நான் ஏதாச்சும் சொல்லிட்டேனா? எம்மேல கோவமா?"

அன்று முழுவதும் அம்மா அழுத அழுகையைத் தாங்கிக்கொண்ட பெரியவளால் இந்தக் கேள்வியைத் தாங்க முடியவில்லை. உள்ளே போய்ப் பெட்டியைத் திறந்து, ஓரம் மென்மையான அந்த அட்டையை எடுத்துவந்து ஆணியில் மாட்டினாள்.

"இதோ இருக்கும்மா. கீழ விழுந்துடுச்சு."

அம்மா விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். அவருடைய தோள்கள் தாழ்ந்தன. கதவருகே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, கைகளை மடியில் கோத்து அமர்ந்துகொண்டார்.

சின்னவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எத்தன நாளைக்குக்கா?" என்று மட்டும் கேட்டான்.

தையற்காரப் பெண்மணி உதவிக்கு வந்தார். இருவரும் சீட்டுகளை மீண்டும் அதனதன் இடத்தில் ஒட்டத் தொடங்கினார்கள். எது எங்கே இருந்ததென்று பெரியவளுக்கு முழுவதும் நினைவில்லை. சுவரிலும் மரத்திலும் எஞ்சியிருந்த பசைத் தடங்களோடு சீட்டின் அளவைப் பொருத்திப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. தையற்காரப் பெண்மணி தம் அளவுநாடாவை வைத்துப் பார்த்து, "இது அலமாரிது. இது கொஞ்சம் அகலம், கண்ணாடிக்கு வரும்" என்று எடுத்துக் கொடுத்தார். குனிந்து ஒட்ட முடியாமல் போனபோது, அப்பாவின் ஸ்டூல் எங்கே என்று பெரியவள் கேட்டாள். அது குளிர்பதனப் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே செருகியிருந்தது. அதில் அமர்ந்தபோது ஒவ்வொரு தடமும் அவள் முகத்துக்கு நேராக இருந்தது.

"அம்மா, கொஞ்சம் சாப்பிடறியா?"

"அவர் வந்துடட்டும்."

சிறிது நேரம் கழித்து, "தண்ணியாவது குடிம்மா."

"அவரும் வரட்டும். தனியா என்னத்தக் குடிக்கிறது?"

சன்னல் வழியே வந்த வெளிச்சம் தரையில் நீண்டு, மெல்ல மெல்லச் சுவரேறியது. படியில் யாருடைய காலடி கேட்டாலும் அம்மா நிமிர்ந்தார். மேல்வீட்டுக்காரர் ஏறிப் போனார். யாரோ இறங்கிப் போனார்கள். ஒவ்வொரு முறையும் கை அட்டையை நோக்கி எழுந்து, மடிக்குத் திரும்பியது.

பெரியவள் சீட்டு ஒட்டுவதை நிறுத்திவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அப்பாவின் மேசை இழுப்பறையைத் திறந்தாள். வெட்டி வைத்த வெற்று அட்டைகள் ஒரு ரப்பர் வளையத்துக்குள் இருந்தன. நீலப் பேனாவும் இருந்தது. ஸ்டூலைக் கதவருகே போட்டு, பெட்டியை மடியில் வைத்து, அதன் மூடியின் மேல் எழுதினாள்.

"அப்பா இறந்துவிட்டார். இன்று" என்று எழுதி நிறுத்தினாள். நாளைக்கும் அதற்கடுத்த நாளைக்கும் அந்தச் சொல் பொய்யாகிவிடும். அப்பாவின் எந்தச் சீட்டிலும் இன்று என்றோ நாளை என்றோ இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புலப்பட்டது. வேறோர் அட்டையை எடுத்தாள்.

"அப்பா இறந்துவிட்டார். எல்லோரும் சேர்ந்து வழியனுப்பினோம். கடைசிவரை உன் கை அவர் கையில் இருந்தது. அவருக்கு உன்மேல் கோபம் இல்லை. நான் இங்கேயே இருக்கிறேன். பெரியவள்."

சின்னவன் எழுந்து வந்து தோளுக்கு மேலாகப் படித்தான். கடைசி வரியை மட்டும் இன்னொரு முறை படித்தான். "வீட்டுல அத்தான் கிட்ட நான் பேசறேன்க்கா" என்று சொல்லி உள்ளே போனான்.

"என்ன எழுதுற?" என்றார் அம்மா.

பெரியவள் அட்டையை அவர் கையில் கொடுத்தாள். அம்மா அதை வெளிச்சத்தை நோக்கிச் சாய்த்து, விரல் வைத்து, உதடு அசையப் படித்தார். முதல் வரியில் விரல் நின்றது. வெகு நேரம் நின்றது. அலறல் எழுமென்று பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவின் கண்களிலிருந்து நீர் தானாக வழிந்து முகவாயில் திரண்டது. விரல் மறுபடி நகர்ந்தது. கடைசிவரை போய், மீண்டும் மேலே வந்து, இன்னொரு முறை முழுவதும் படித்தது.

"எழுத்து சின்னதா இருக்கு" என்றார் அம்மா. "உங்கப்பா பெருசா எழுதுவார்."

"சரிம்மா. பெருசா எழுதறேன்."

அவள் புதிய அட்டை எடுத்துக் குனிந்து எழுதத் தொடங்கினாள். எழுத்துகள் ஒன்றோடொன்று உரசாமல் இருக்க வேண்டுமென்று ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்தி எழுதினாள். அதற்கு நேரமெடுத்தது. எழுதி முடித்து, பசைநாடாவைக் கிழித்து, ஆணிக்குக் கீழே வைத்து அழுத்தியபோதுதான் ஆணி வெறுமையாக இருப்பதைப் பார்த்தாள்.

ஓரம் மென்மையான அந்த அட்டை கொக்கியில், சாவிக்குப் பக்கத்தில், இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அம்மா அதன் அருகில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு திரும்பி, ஸ்டூலில் வளைந்து அமர்ந்திருந்த மகளைச் சற்று நேரம் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா இப்படிக் குனிஞ்சே இருக்க?" என்றார். "உனக்குத்தான் முதுகு ஆகாதே."

தொலைபேசிக்கு மேலே ஒட்ட வேண்டிய சீட்டு இன்னும் அவள் மடியிலிருந்த பெட்டியின் அடியில்தான் கிடந்தது. பெரியவள் பெட்டியின் மூடியை இரு கைகளாலும் அழுத்தி வைத்துக்கொண்டு, மெதுவாக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.